ஜி. என். இராமச்சந்திரன்

ஜி. என். இராமச்சந்திரன் (கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் இராமச்சந்திரன், அக்டோபர் 8, 1922 – ஏப்ரல் 7, 2001) இந்திய இயற்பியலாளரும் உயிர் இயற்பியலாளரும் ஆவார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றில் மிகுந்துள்ள கொலாசன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய வடிவம் உடையது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க இயலும், எவற்றில் இயலாது என்பதைக் காட்டும் இராமச்சந்திரன் வரைபடம் (1963) இவர் பெயரால் வழங்கப்படுகிறது. உலகெங்கும் உயிர்வேதியியல் மாணவர்கள் பயிலும் பாடங்களுள் இவ்வரைபடமும் ஒன்றாகும்.

பிறப்பும் கல்வியும்

இராமச்சந்திரன் அன்றைய கொச்சி அரசில் இருந்த எர்ணாகுளத்தில் பிறந்தார். இவர் பெயரின் முதலெழுத்து குறிக்கும் கோபாலசமுத்திரம், திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள ஊராகும். தந்தை நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராசா கல்லூரியில் கணிதப் பேராசிரியராகப் பணியாற்றியவர். தாயார் இலட்சுமி அம்மாள்.

திருச்சிராப்பள்ளி புனித சூசையப்பர் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1942 இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். இவரது ஆர்வம் இயற்பியலில் இருப்பதைக் கண்ட சி. வி. இராமன் இவரைத் தம் துறைக்கு மாற்றிக்கொண்டார். இராமனின் வழிகாட்டலில் படிகங்களின் ஒளியியல், வைரத்தின் அமைப்பு ஆகியன பற்றி ஆய்வு செய்து, 1947 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் கேவண்டிசு ஆய்வகத்தில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். லைனசு பாலிங்கின் கருத்துகள் அங்கு இவரை ஈர்த்தன. 1949 இல் பெங்களூர் திரும்பினார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில்

1952 இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் கிண்டி வளாகத்தில் புதிய இயற்பியல் துறை ஒன்றைத் தொடங்க விரும்பி இராமனை அழைத்தார். இராமன் தமக்குப் பதிலாக இராமச்சந்திரனைப் பரிந்துரைத்தார். அப்போது முப்பது வயதுகூட நிறையாத இராமச்சந்திரன் அத்துறையின் தலைவரானார். படிகங்களை ஊடுகதிர் கொண்டு ஆராயும் ஆய்வகம் ஒன்றை அங்கு அமைத்தார்.

அக்காலத்தில் சென்னைக்கு வந்த ஆங்கிலேய அறிவியலாளர் சே. டி. பெர்னால், கொலாசனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று இவரிடம் குறிப்பிட்டார். ஆய்வகத்திற்கு அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. தோலின் முதன்மையான புரதம் கொலாசன் ஆதலால் அந்நிறுவனத்தின் துணை இவருக்குக் கிட்டியது. கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த இழைகள் தெளிவான ஊடுகதிர்ப் படங்களைத் தந்தன.

மரபுத் தகவலும் புரதத்தின் வடிவமும்

இராமச்சந்திரனின் பணியைப் புரிந்துகொள்ள, உயிரணு புரதத்தை உருவாக்கும் முறையை அறிதல் வேண்டும். மரபுத் தகவல் டி.என்.ஏ. மூலக்கூற்றில் நான்கு வகை வேதி எழுத்துகளின் வரிசையாக அமைந்துள்ளது. ஒரு புரதத்திற்குரிய பகுதி முதலில் செய்தி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. அச்செய்தியை ரைபோசோம் என்னும் உயிரணு உறுப்பு மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கிறது. மொத்தம் 64 மூவெழுத்துக் குறியீடுகள் உள்ளன. அவற்றுள் 61 குறியீடுகள் 20 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. எஞ்சிய மூன்றும் சங்கிலி முடிவதைக் குறிக்கின்றன. ஒவ்வொரு குறியீட்டிற்கும் உரிய அமினோ அமிலத்தைக் கடத்தி ஆர்.என்.ஏ. கொண்டுவர, ரைபோசோம் அவற்றைப் பெப்டைடு பிணைப்பால் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கிறது.

இக்குறியீடுகளின் பொருளை மார்சல் நிரன்பர்க்கு, அர் கோவிந்து கொரானா முதலியோர் 1961 முதல் 1966 வரையிலான ஆண்டுகளில் கண்டறிந்தனர். மரபுக் குறியீடு தருவது அமினோ அமிலங்களின் வரிசையை மட்டுமே. வேலை செய்யும் புரதம் நீண்டு கிடக்கும் நூல் அன்று. குறிப்பிட்ட வடிவில் மடங்கிய பொருள். வரிசையாக வெளிவரும் சங்கிலி எவ்வாறு மடங்க இயலும் என்னும் கேள்விக்கு ஏறத்தாழ அதே ஆண்டுகளில் சென்னையில் விடை தேடப்பட்டது.

கொலாசனின் முப்புரி அமைப்பு

கொலாசனில் உள்ள அமினோ அமிலங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கிளைசின் என்பது வேதிப் பகுப்பாய்வால் தெரிந்திருந்தது. புரோலினும் ஐதராக்சிபுரோலினும் அதில் மிகுதி. இராமச்சந்திரனும் இவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் இவ்விகிதத்தையே திறவுகோலாகக் கொண்டனர். ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் வர வேண்டுமெனில், அந்த இடத்தில் மிகச் சிறிய அமினோ அமிலத்தைத் தவிர வேறொன்றிற்கு இடமில்லை என்பது பொருளாகும். மூன்று சங்கிலிகள் அருகருகே நெருங்கி அமைந்து, அவற்றின் நடுவில் கிளைசின் வருமாறு அமைந்தால் இந்நிபந்தனை நிறைவேறும்.

இம்முடிவு 1954 ஆகத்து மாதம் நேச்சர் இதழில் வெளியானது. 1955 இல் அவர்கள் அதனைத் திருத்தி, மூன்று சங்கிலிகளும் கயிற்றின் புரிகள் போல ஒன்றையொன்று சுற்றிச் செல்கின்றன என்று காட்டினர்.

ஐதராக்சிபுரோலினுக்கு மரபுக் குறியீடு எதுவும் இல்லை. ரைபோசோம் புரோலினையே சங்கிலியில் சேர்க்கிறது. பின்னர் நொதி ஒன்று உயிர்ச்சத்து சி-யின் துணையுடன் அதனை ஐதராக்சிபுரோலினாக மாற்றுகிறது. இம்மாற்றம் குறைந்தால் முப்புரி உறுதி இழக்கும். உயிர்ச்சத்து சி குறைவால் வரும் சொறிகரப்பான் நோயில் ஈறுகளில் குருதி கசிவதும் புண்கள் ஆறாமல் இருப்பதும் இதனாலேயே. அதுபோலவே மரபணுவில் ஓர் எழுத்து மாறிக் கிளைசினின் இடத்தில் பெரிய அமினோ அமிலம் வந்தால் முப்புரி சரிவர முறுக்கிக்கொள்ளாது. பிறவியிலேயே எலும்புகள் எளிதில் உடையும் நோய் பலருக்கு இவ்வாறு உண்டாகிறது.

கருத்து வேறுபாடு

1955 இல் கேம்பிரிட்சைச் சேர்ந்த பிரான்சிசு கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் கொலாசனுக்கு வேறொரு முப்புரி அமைப்பை வெளியிட்டனர். மூன்று சங்கிலிகள் என்ற அடிப்படையை ஏற்ற அவர்கள், சென்னை அமைப்பில் சில அணுக்கள் இயல்புக்கு மீறி நெருங்கியிருப்பதாகக் குறை கூறினர். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஐதரசன் பிணைப்புகள் இருப்பதாக இராமச்சந்திரன் கொண்டிருந்தார். ஒன்றே இருக்க முடியும் என்பது அவர்களின் வாதம்.

இவ்வேறுபாடு நெடுநாள் நீடித்தது. ஐதரசன் பிணைப்பு பற்றிய வாதத்தில் கிரிக்கும் ரிச்சும் கூறியதே பெரிதும் சரியென்று பின்னர் தெளிவாயிற்று. நேரடியான பிணைப்பு ஒன்றே என்றும், மற்றொன்று நீர் மூலக்கூறு வழியாக அமையலாம் என்றும் இராமச்சந்திரன் 1968 இல் தம் அமைப்பைத் திருத்தினார். கொலாசன் போன்ற சிறு பெப்டைடு ஒன்றின் படிக அமைப்பு 1994 இல் வெளியானபோது, முப்புரி உருவமும், நேரடிப் பிணைப்பு ஒன்றாக இருப்பதும், நீர் மூலக்கூறுகள் சங்கிலிகளை இணைப்பதும் கண்கூடாயின. மூன்று சங்கிலிகள் என்ற கருத்தை முதலில் முன்வைத்த சிறப்பு சென்னை ஆய்வாளர்களுக்கு உரியதாகும்.

இராமச்சந்திரன் வரைபடம்

அணுக்கள் மிக நெருங்கியுள்ளன என்ற குறை இராமச்சந்திரனை அடிப்படையான ஒரு கேள்விக்கு இட்டுச் சென்றது. பிணைப்பில் இல்லாத இரு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? அதற்கான அளவுகள் அப்போது திட்டமாக வகுக்கப்படவில்லை. இவரும் வி. சசிசேகரன், சி. இராமகிருட்டிணன் ஆகியோரும் அதுவரை வெளியான அமினோ அமிலங்கள், பெப்டைடுகள் முதலியவற்றின் படிக அமைப்புகளைத் திரட்டி, ஒவ்வொரு வகை அணு இணைக்கும் எல்லைத் தொலைவுகளை வகுத்தனர். காட்டாக, இரு கார்பன் அணுக்களுக்கு இயல்பான எல்லை 3.2 ஆங்சிட்ராம் என்றும் கடைசி எல்லை 3.0 ஆங்சிட்ராம் என்றும் கொண்டனர். ஓர் ஆங்சிட்ராம் என்பது மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு.

பெப்டைடு பிணைப்பின் அணுக்கள் ஒரே தளத்தில் அமைகின்றன என்பதைப் பாலிங்கும் கோரியும் முன்பே காட்டியிருந்தனர். எனவே புரதச் சங்கிலியைச் சீட்டுகள் கோத்த மாலையாகக் கருதலாம். ஒவ்வொரு சீட்டும் வளையாது. சீட்டுகள் சேரும் மூலையில் மட்டுமே சுழற்சி இயலும். அம்மூலையிலுள்ள கார்பன் அணுவின் இருபுறமும் நிகழும் சுழற்சிகள் ஃபை, சை என்னும் இரு கோணங்களால் குறிக்கப்படுகின்றன. சங்கிலியின் முதுகெலும்பு வடிவத்தைக் கூற இவ்விரு கோணங்களும் போதும்.

ஒரு கோணத்தைக் கிடையச்சிலும் மற்றொன்றை நிலையச்சிலும் இட்டு, ஒவ்வோர் இணைக்கும் அணுக்கள் மோதுகின்றனவா என்று கணக்கிட்டனர். இன்றைய கணினிகள் இல்லாத அந்நாளில் மேசைக் கணக்கிடும் கருவிகளைக் கொண்டே இப்பணி நடந்தது. வரைபடப் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு இயலாத பகுதி என்று தெரிந்தது. எஞ்சிய சில தீவுகளுக்குள்தான் ஆல்ஃபா சுருள், பீட்டா தாள், கொலாசன் சுருள் ஆகிய அறியப்பட்ட அமைப்புகள் யாவும் விழுந்தன. பக்கத்தொடர் இல்லாத கிளைசினுக்கு மட்டும் பரப்பு விரிவாகவும், வளையத்தால் கட்டுண்ட புரோலினுக்கு மிகக் குறுகியும் இருந்தது. இம்முடிவுகள் 1963 இல் மூலக்கூற்று உயிரியல் ஆய்விதழில் வெளியாயின.

பயன்பாடு

புரதம் ஒன்றின் அமைப்பைத் தீர்மானிப்போர் அதன் கோணங்களை இவ்வரைபடத்தில் இட்டுச் சரிபார்ப்பது வழக்கமாகிவிட்டது. பல புள்ளிகள் இயலாத பகுதியில் விழுந்தால், அமைப்பில் பிழை இருப்பதாக ஐயுற்று மீண்டும் ஆராய்கின்றனர். கணினி வழி முன்கணிக்கப்படும் புரத அமைப்புகளும் இவ்வாறே சோதிக்கப்படுகின்றன.

புரதத்தைக் கட்டும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009 இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான வெங்கட்ராமன் இராமகிருட்டிணன், கடலூர் மாவட்டம் சிதம்பரத்தில் 1952 இல் பிறந்தவர். இவர் மேற்கூறிய சி. இராமகிருட்டிணனின் வேறானவர். சங்கிலி எவ்வாறு கோக்கப்படுகிறது என்பதை ரைபோசோம் ஆய்வும், கோக்கப்பட்டது எவ்வாறு மடங்கலாம் என்பதை இராமச்சந்திரன் வரைபடமும் விளக்குகின்றன.

பிற பணிகள்

1970 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டு விலகினார். பின்னர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூற்று உயிர் இயற்பியல் பிரிவை நிறுவினார். சில ஆண்டுகள் சிகாகோ பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்தார்.

1971 இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் இணைந்து, பல திசைகளில் எடுத்த ஊடுகதிர் நிழற்படங்களிலிருந்து ஒரு பொருளின் உள்ளமைப்பை மீட்டெடுக்கும் கணித முறை ஒன்றை வெளியிட்டார். மருத்துவமனைகளில் பயன்படும் சி.டி. வருடிகளின் கணக்கீட்டு முறைகளுக்கு இதுவும் அடிப்படையாயிற்று. பிற்காலத்தில் இந்திய மெய்யியலையும் அளவையியலையும் கணித முறையில் ஆராய்வதில் ஈடுபட்டார்.

விருதுகளும் சிறப்புகளும்

1961 – சாந்தி சுவரூப் பட்நாகர் விருது (இயற்பியல்)
1977 – இலண்டன் வேந்தியக் கழக உறுப்பினர்
1999 – பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்டு பரிசு

இவருக்கு நோபல் பரிசு வழங்கப்படவில்லை.

குடும்பமும் மறைவும்

இராமச்சந்திரன் 1945 இல் இராசலட்சுமியை மணந்தார். இவர்களின் மகன் இரமேசு நாராயண் புகழ்பெற்ற வானியற்பியலாளர் ஆவார். 1998 இல் மனைவி மறைந்தது இவரைப் பெரிதும் பாதித்தது. இறுதி ஆண்டுகளில் நடுக்குவாத நோயால் துன்புற்ற இராமச்சந்திரன், ஏப்ரல் 7, 2001 அன்று சென்னையில் தமது 78 ஆம் அகவையில் காலமானார்.