சேனைக்குரு தெ ஸ்மெத் சுவாமியார்

போர்க்களத்தில் வீழ்ந்தானுக்கு மருத்துவன் எத்துணை இன்றியமையாதவனோ, அத்துணை இன்றியமையாதவர் அவன் ஆன்மாவைத் தேற்றும் குருவும் ஆவர். சேனையொடு சென்று இப்பணி ஆற்றியதோடு, எதிர்ப்பக்கத்தார்க்கும் தந்தையாய் விளங்கிய பெரியார் ஒருவரின் சரிதையை நம் சங்கத்து அன்பர்கட்கு ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இக்காலத்துப் பெல்ஜிய தேசத்தின் பாற்பட்ட தெந்தர்மொந்து நகரில், 1801ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி பியேர் ஜான் தெ ஸ்மெத் பிறந்தார். 1821ஆம் ஆண்டில் கடல் கடந்து அமெரிக்கா சென்று சேசு சபையிற் சேர்ந்தார். 1827இல் குருப்பட்டம் பெற்றார். மேற்றிசை மலைநாட்டில் வாழ்ந்த சேலிஷ் முதலிய பூர்வ குடிகளிடையே 1840 முதல் வேதம் போதித்து, 1841இல் அர்ச். மரியம்மாள் பெயரால் ஒரு நிலையம் நிறுவினார். அக்குடிகள் அவரைத் தம் உறவினராகவே கொண்டனர்.

அக்காலத்து அமெரிக்க ஐக்கிய நாடுகளின் எல்லைப்புறச் சேனையின் நிலை யாது? வறுமையால் தாய்நாடு துறந்து வந்த ஐர்லாந்தியரும் ஜெர்மானியரும் அதிற் பெருந்தொகையினராய்ச் சேர்ந்தனர். அவருட் பலர் கத்தோலிக்கர். 1838ஆம் ஆண்டுச் சட்டம் சில கோட்டைகட்குக் குருமாரை நியமிக்க இடந்தந்தது. அக்குருவே கோட்டைப் பள்ளியின் உபாத்தியாயரும் ஆவார். ஆயினும் அவரைத் தெரிந்தெடுப்போர் கோட்டை அதிகாரிகளே. ஆதலின் தெரிந்தெடுக்கப்பட்டோர் பெரும்பாலும் பிராட்டஸ்டண்டு போதகரேயாயினர். பூசை காணாமலும், பாவசங்கீர்த்தனம் செய்யாமலும், மரணத் தறுவாயில் அவஸ்தைப்பூசுதல் பெறாமலும் கத்தோலிக்கச் சிப்பாய்கள் இறந்தனர். 1846இல் மெக்ஸிகோவொடு போர் மூண்டபொழுது, தலைவர் போல்க் மேற்றிராணிமாரைக் கேட்டுக்கொள்ள, மக்கெல்ராய், ரே என்னும் சேசு சபைக் குருமார் இருவர் அனுப்பப்பட்டனர். ரே சுவாமியார் 1847இல் வழியிலேயே கொலையுண்டார். இருவர் சென்றமையால் அப்பெருங்குறை தீருமோ?

1858ஆம் ஆண்டில் யூட்டா நாட்டு மார்மோனியர்மேற் சேனை ஏவப்பட்டபொழுது, தளகர்த்தர் ஹார்னியின் படைக்குத் தெ ஸ்மெத் சுவாமியார் குருவாக நியமனம் பெற்றார். வயது ஐம்பத்தேழு. படை பாதி வழி செல்லுமுன்னரே சமாதானச் செய்தி எட்டிற்று. வேலை முடிந்ததென எண்ணிச் சுவாமியார் பதவி துறக்க முயன்றார், மேலிடத்தார் இசைந்திலர். ஆரிகன் பகுதியில் அவர்தம் பழைய குடிகளொடு சேனை பொருதுகொண்டிருந்தது.

இங்கேதான் அவர்க்கு நேர்ந்த சோதனை பெரிது. சிப்பாய்கள் தம் ஆத்தும மக்கள். எதிரில் நின்றோரோ தாம் அறிவுறுத்திய மக்கள். ஒருவரைக் காக்க மற்றொருவரைக் கைவிடுதல் தகுமோ? அவர் ஹார்னியுடன் பனாமா வழியாகச் சென்று வான்கூவர்க் கோட்டையை அடைந்தார். அதற்கு முன்னரே போர் ஓய்ந்திருந்தது. கர்னல் ரைட் என்பார் குடிகளின் குதிரைகள் ஏறக்குறைய 800ஐக் கொல்வித்துச் சிலரைத் தூக்கிலும் இட்டமையால், அச்சமும் வன்மமும் நெஞ்சுகளிற் கனன்றன. சுவாமியார் அக்கடுங்குளிர் காலத்தை மலைநாட்டில் அவர்களிடையே கழித்து, 1859இல் தலைவர் சிலரைத் தாமே அழைத்துவந்து ஹார்னியொடு பேசச் செய்தார். படைக்கலத்தால் விளையாத நம்பிக்கை ஒரு குருவின் சொல்லால் விளைந்தது.

1868இல், தம் அறுபத்தேழாம் வயதில், வெள்ளையர் எவரும் அணுக அஞ்சிய லக்கோட்டாத் தலைவர் சிட்டிங் புல்லின் பாளையத்துக்கு, தேவமாதாவின் உருவம் தாங்கிய கொடியொடு சென்றார். சிட்டிங் புல் தாம் கையொப்பம் இட வந்திலர். எனினும் கால் முதலிய தலைவர் ரைஸ் கோட்டைக்கு வந்து உடன்படிக்கையில் ஒப்பினர்.

சுவாமியார் 1873ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி செயிண்ட் லூயி நகரில் இறைவனடி சேர்ந்தார். அடுத்த ஆண்டிலேயே கருங்குன்றுகளிற் பொன் கண்டனர். 1876இல் மீண்டும் போர் மூண்டது. அவர் வாக்கை நம்பி ஒப்பிய குடிகளை அரசினர் வஞ்சித்தனர். இஃது அவர் பணியின் குறையன்று. அவர் மொழிக்குப் பிணைநின்ற அரசினரின் குறையே.

அன்பர்காள்! சேனைக்குப் படைக்கலமும் உணவும் அளித்தல் எளிது. சாவை எதிர்நோக்கும் மகனைத் தேற்றவும், எதிரியும் மனிதனே என நினைவுறுத்தவும் ஒருவரை உடனனுப்புதல் அரிது. நம் குடும்பங்களினின்று சேனைக்குச் செல்லும் இளைஞர்க்கும், அவர்தம் பெற்றோர்க்கும் இவ்விரண்டும் வேண்டற்பாலனவே.