தஞ்சைக்கு வந்த பிரெஞ்சுத் தளபதி லாலி

வரலாற்றுப் பாடத்தில் கவுண்ட் டி லாலியின் பெயரை நாம் பெரும்பாலும் ஒரே ஒரு வரியில்தான் சந்திக்கிறோம். 1760-ஆம் ஆண்டு வந்தவாசிப் போரில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் தோற்ற பிரெஞ்சுத் தளபதி என்று படித்து, ஆண்டை மனப்பாடம் செய்துகொண்டு, அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்தப் போருக்கு ஒன்றரை ஆண்டு முன்னால் இதே லாலி நம் காவிரி நாட்டிற்குள் படையோடு புகுந்தார். காரைக்கால், நாகூர், கீழ்வேளூர், திருவாரூர், தஞ்சாவூர் என்று இன்று நாம் பேருந்தில் போய்வரும் ஊர்களின் வழியாகத்தான் அவருடைய பீரங்கிகள் உருண்டன. நம் மண்ணோடு தொடர்புடைய அவருடைய வாழ்க்கையைச் சற்று விரிவாக அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

நாடிழந்த குடும்பம்

தாமஸ் ஆர்தர் லாலி 1702-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் ரோமான் என்னும் ஊரில் பிறந்தார். தாயார் பிரெஞ்சுக்காரர், தந்தையார் அயர்லாந்துக் கத்தோலிக்கர். இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் இங்கிலாந்தின் அரியணையை இழந்தபோது, அவரை ஆதரித்த அயர்லாந்துக் குடும்பங்கள் பல நிலத்தையும் வீட்டையும் விட்டுவிட்டுப் பிரான்சில் அடைக்கலம் புகுந்தன. லாலியின் குடும்பமும் அவற்றுள் ஒன்று. வேற்றுப் படை தம் முன்னோரின் ஊர்களைப் பிடித்துக்கொண்ட கதை அவருக்குப் பிறப்போடு வந்த கதை. ஆங்கிலேயர்மீது அவர் கொண்ட பகை கடைசிவரை தணியவில்லை.

சிறு வயதிலேயே அவர் தந்தையின் படைப்பிரிவில் சேர்ந்தார். 1745-ஆம் ஆண்டு ஃபோன்தெனுவா என்ற இடத்தில் நடந்த பெரும்போரில் அயர்லாந்து வீரர்களோடு முன்னின்று போரிட்டார். அவருடைய துணிவை நேரில் கண்ட பதினைந்தாம் லூயி மன்னர் போர்க்களத்திலேயே அவருக்குப் பதவி உயர்வு அளித்தார்.

இந்தியாவுக்கு வருகை

1756-இல் ஏழாண்டுப் போர் மூண்டது. இந்தியாவிலிருந்து ஆங்கிலேயரை அகற்றும் பொறுப்பு லாலியிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரெஞ்சு வணிகக் கம்பெனியில் மலிந்திருந்த ஊழலைக் களையும் கடமையும் அவருக்கு இருந்தது. 1757 மே மாதம் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல்கள் ஏறத்தாழ ஓராண்டு கடலில் அலைந்து, 1758 ஏப்ரல் 28-ஆம் நாள் புதுச்சேரியை அடைந்தன. உடனே கடலூரைப் பிடித்தார். ஜூன் 2-ஆம் நாள் செயின்ட் டேவிட் கோட்டையும் அவர் வசமாயிற்று.

தொடக்கம் இவ்வளவு சிறப்பாக இருந்தும் ஒரு பெருங்குறை அவரிடம் வெளிப்பட்டது. முன்கோபக்காரரான அவர் கம்பெனி அதிகாரிகள் அனைவரையும் திருடர்களாகவே எண்ணினார். இந்நாட்டு மக்களையோ ஒரு பொருட்டாகவே கருதவில்லை. சுமை தூக்க ஆளும் வண்டி இழுக்க மாடும் கிடைக்காதபோது, ஊர் மக்களையே வலுக்கட்டாயமாகப் பிடித்து அந்த வேலைகளைச் செய்யவைத்தார். அதன்பின் அவருக்கு மனமுவந்து உதவ யார் வருவார்கள்?

உமி நீங்காத நெல்

அடுத்து சென்னையைத் தாக்க வேண்டும் என்பது லாலியின் விருப்பம். ஆனால் கடற்படைத் தலைவர் தாஷே உடன்வர மறுத்தார். கஜானாவில் பணமும் இல்லை. அப்போது ஒரு பழைய கடன் பத்திரம் நினைவுக்கு வந்தது. 1749-ஆம் ஆண்டின் இறுதியில் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் தஞ்சையை முற்றுகையிட்டபோது, மராத்திய மன்னர் பிரதாபசிம்மர் வேறு வழியின்றிப் பெருந்தொகை தருவதாக எழுதிக் கொடுத்தார். அதில் 56 லட்சம் ரூபாய் பாக்கி என்று பிரெஞ்சுக்காரர் கணக்குக் காட்டினர். சந்தா சாகிபோ 1752-இலேயே தஞ்சைத் தளபதி மானோஜியிடம் சரணடைந்து கொல்லப்பட்டுவிட்டார். இறந்துபோனவரின் பத்திரத்தைக் காட்டி, உயிரோடிருந்த மக்களிடம் தண்டல் செய்யப் படை புறப்பட்டது.

ஜூன் மாதத்தின் பிற்பகுதியில் படை புதுச்சேரியை விட்டுக் கிளம்பியது. உணவுக்கு எந்த ஏற்பாடும் இல்லை. கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தை ஒட்டிய தேவிக்கோட்டையில் பசியோடு வந்த வீரர்களுக்குக் கிடைத்தது உமி நீங்காத நெல். அதைக் குத்திக் கொடுக்க ஆளில்லை. நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற நாட்டில், கையில் நெல்லை வைத்துக்கொண்டே ஓர் ஐரோப்பியப் படை பட்டினி கிடந்தது! நெல் சோறாவதற்கு உலக்கை பிடிக்கும் கைகள் வேண்டும். மக்களை விரட்டியவர்களுக்கு அந்தக் கைகள் கிடைக்கவில்லை.

படை காரைக்காலை அடைந்தது. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த ஊர் அது. அங்கிருந்து நாகூருக்குள் புகுந்து வணிகர்களின் பொருள்களைக் கைப்பற்றினர். கீழ்வேளூரில் சிவன் கோயிலில் புதையல் இருக்கும் என்று நம்பித் தோண்டிப் பார்த்தனர். திருமேனிகளை எடுத்துச் சென்றனர். பொன் என்று நினைத்தவை பொன்னாக இல்லை. கோயிலைச் சுற்றியே மனம் கலங்கித் திரிந்த அர்ச்சகர்களை ஒற்றர்கள் என்று சந்தேகித்து, ஆறு பேரைப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டுக் கொன்றார் லாலி. எந்தச் சமயத்தவர் வழிபடும் இடமானாலும் அங்கே நிகழும் இத்தகைய கொடுமை கடவுள் முன் பெரும்பாவமே. இச்செய்தி பரவியதும் வழியெங்கும் ஊர்கள் காலியாயின. ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு மக்கள் அகன்றனர்.

தஞ்சைக் கோட்டையின் முன்

தஞ்சையை நெருங்கிய லாலியிடம் பிரதாபசிம்மர் பேச்சுவார்த்தையைத் தொடங்கினார். சிறு தொகை தருவதாகச் சொல்வதும் பின்பு பேரம் பேசுவதுமாக நாள்களைக் கடத்தினார். அதற்குள் திருச்சிராப்பள்ளியிலிருந்த ஆங்கிலேயர் அனுப்பிய சிப்பாய்கள் கோட்டைக்கு வந்து சேர்ந்தனர். பொறுமையிழந்த லாலி ஆகஸ்டு 2-ஆம் நாள் பீரங்கித் தாக்குதலைத் தொடங்கினார்.

மறுநாளே கடலில் நிலைமை மாறியது. ஆகஸ்டு 3-ஆம் நாள் போகாக் தலைமையிலான ஆங்கிலேயக் கப்பல்கள் தாஷேயின் கப்பல்களைத் தாக்கிப் பின்வாங்கச் செய்தன. காரைக்கால் வழி அடைபடும் அபாயம் உண்டாயிற்று. தஞ்சைக் கோட்டைச் சுவரில் உடைப்பு விழுந்திருந்தது. ஆனால் முகாமில் வெடிமருந்து குறைந்துவிட்டது. உணவோ இரண்டு நாளைக்குக்கூடக் கஷ்டம். முற்றுகையைக் கைவிட முடிவாயிற்று. ஆகஸ்டு 10-ஆம் நாள் விடியற்காலையில் மானோஜியின் வீரர்கள் முகாமின்மீது பாய்ந்தனர். அவர்களுள் சில குதிரை வீரர்கள் வேலை கேட்டு வந்தவர்கள்போல் லாலியின் அருகிலேயே போய்விட்டனர். அவர் உயிர் தப்பியது அரிது. அன்றிரவே கனத்த பீரங்கிகளைப் பயனற்றவையாக்கிவிட்டுப் படை பின்வாங்கியது. மானோஜியின் குதிரைப்படை விடாமல் துரத்தியது. காவிரியில் புதுவெள்ளம் வந்து உழவு தொடங்கும் பருவத்தில், எங்கும் பசுமை தழைக்க வேண்டிய அந்த வழியிலேயே படை பசியோடு காரைக்காலுக்குத் திரும்பியது.

புதுச்சேரியின் வீழ்ச்சி

அதன்பின் லாலிக்குத் தோல்விமேல் தோல்வி. 1758 டிசம்பரில் தொடங்கிய சென்னை முற்றுகை 1759 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. 1760 ஜனவரி 22-ஆம் நாள் வந்தவாசியில் தோற்றார். ஆங்கிலேயர் புதுச்சேரியை வளைத்தனர். நகரில் பஞ்சம் தலைவிரித்தாடியது. உணவை மிச்சப்படுத்துவதற்காக லாலி சுமார் 1400 தமிழ் மக்களைக் கோட்டைக்கு வெளியே அனுப்பினார். ஆங்கிலேயரும் அவர்களைப் போகவிடவில்லை. இரு படைகளுக்கும் நடுவில், புல்லின் வேரைத் தின்றுகொண்டு ஒரு வாரம் அவர்கள் தவித்த பிறகே வழி கிடைத்தது. 1761 ஜனவரி 16-ஆம் நாள் புதுச்சேரி சரணடைந்தது. வெற்றி பெற்றவர்கள் அந்த அழகிய நகரை இடித்துத் தள்ளினர்.

வாய் கட்டப்பட்ட மரணம்

கைதியாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட லாலி, பிரான்சில் தம்மைத் துரோகி என்று தூற்றுகிறார்கள் எனக் கேள்விப்பட்டார். பாதுகாப்பாக அங்கேயே தங்கியிருக்கலாம். அவரோ அனுமதி பெற்றுத் தாமாகவே பாரிஸ் திரும்பி விசாரணை கேட்டார். 1762-இல் பாஸ்டில் சிறையில் அடைக்கப்பட்டார். இந்தியாவில் யாரையெல்லாம் அவர் இழித்துப் பேசினாரோ அவர்களே சாட்சிகளாயினர். 1766 மே 9-ஆம் நாள், 64-ஆம் வயதில், அவர் தலை துண்டிக்கப்பட்டது. மக்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாதபடி அவர் வாயை அடைத்தே கொலைக்களத்துக்கு இட்டுச் சென்றனர். அவர் செய்த தவறுகள் பல. ஆனால் துரோகம் அவற்றில் இல்லை.

அவருடைய மகன் ஜெரார் அப்போது பதினைந்து வயது மாணவன். தந்தையின் களங்கத்தைத் துடைப்பதையே அவன் தன் கடமையாக ஏற்றான். எழுத்தாளர் வால்டேர் துணை நின்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின், 1778-இல், அரசரின் சபை அத்தீர்ப்பை ரத்துச் செய்தது. மரணப் படுக்கையில் இருந்த வால்டேர் அச்செய்தியைக் கேட்டு மகிழ்ந்தார்.

நாம் பெறும் பாடம்

லாலியிடம் வீரம் இருந்தது, நாட்டுப்பற்று இருந்தது, தவறென்று கண்டதைக் கண்டிக்கும் துணிவும் இருந்தது. மனிதரை மதிக்கும் பண்பு ஒன்று மட்டும் குறைந்தது. அந்த ஒரு குறை மற்ற நிறைகளையெல்லாம் விழுங்கிவிட்டது. வேற்றுப் படையால் ஊரிழந்த குடும்பத்தில் பிறந்தவரே பிறர் ஊரில் அதே துயரத்தை விதைத்தார் என்பதை எண்ணும்போது நம் நெஞ்சம் கனக்கிறது.

லாலிக்காக வாதாட ஒரு மகன் இருந்தான். உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் ஒருவர் இருந்தார். கீழ்வேளூரில் மாண்ட ஆறு பேருக்காகவும், புதுச்சேரி வெளியில் புல்வேர் தின்ற 1400 பேருக்காகவும் எந்த நீதிமன்றமும் கூடவில்லை; அவர்களுடைய பெயர்கள்கூட நமக்குக் கிடைக்கவில்லை. அடுத்த முறை வந்தவாசிப் போர் என்ற வரியைப் படிக்கும்போது, அநியாயமாகத் தண்டிக்கப்பட்ட லாலிக்காக இரங்குவோம்; அவரால் துன்புற்ற நம் ஊர் மக்களையும் மறவாமல் நினைப்போம். இருவர் பக்கமும் நின்று பார்க்கத் தெரிந்தவர்களே வரலாற்றைச் சரியாகப் படித்தவர்கள்.