லயனல் வென்ட்

இசை பிறந்த கணமே மறைவது. நிழற்படமோ நிலைத்து நிற்பினும் வாய் பேசாதது. மறைவதனைப் பேசாததன்கண் நிறுத்தி வைக்க முயன்றோர் சிலர் உளர். 1940-களில் நியூயார்க்கு நகரத்து ஜாஸ் வாத்தியக்காரர்களை வில்லியம் காட்லீப் என்பார் அவ்வாறு படம் பிடித்தனர். நமக்கு அண்மைத்தாகிய இலங்கைத் தீவில் அதற்கு முன்னரே ஒத்த பணி இயற்றியவர் லயனல் வென்ட் ஆவர்.

இவர் 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். தந்தையார் பறங்கியர் குலத்தவர், உயர்நீதிமன்ற நீதிபதி. தாயார் சிங்களவர். இளமையில் இங்கிலாந்து சென்று சட்டமும் பியானோவும் ஒருங்கே பயின்றார். 1924-இல் மீண்டபின் சட்டத்தை விடுத்துப் பியானோவையே ஓம்பினார்.

ஆங்கில ஆட்சி நிலவிய அந்நாளில், செல்வர் மாளிகைகளில் மேல்நாட்டு இசைக்கே மதிப்பு மிகுதி. சிற்றூர் மத்தளத்துக்குச் செவி சாய்ப்பார் அரியர். மேல்நாட்டு இசையில் தேர்ந்த வென்ட், கண்டி மத்தளத்தையும் மதித்துக் கேட்டார். 1930-க்குப்பின் அவர் உள்ளம் நிழற்படக் கலையில் ஆழ்ந்தது. அஞ்சலட்டைகளுக்காக நாட்டு மக்களை வேடிக்கைப் பொருளாகப் படம் பிடித்தல் அக்காலத்து வழக்கு. இவரோ நடனக்காரரையும் மத்தளக்காரரையும் உழவரையும் மீனவரையும் மாண்புடைய மாந்தராகவே கண்டார். ஒளியும் நிழலும் அவர் கையில் சுருதியும் லயமும் போல் இசைந்தன.

1934-இல் பேசில் ரைட் எடுத்த ‘சாங் ஆஃப் சிலோன்’ என்னும் திரைப்படத்தில் விளக்கவுரை வழங்கிய குரல் இவருடையதே. 1938-இல் இலண்டனில் இவர்தம் படங்கள் தனிக் காட்சியாக வைக்கப்பட்டன. 1943-இல் இளம் ஓவியர்களை ஒன்றுகூட்டி, அவ்வாண்டின் பெயராலேயே ஒரு குழு நிறுவினார். மறு ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள், நாற்பத்துநான்காம் வயதில் மறைந்தார்.

அந்தோ! அவர்க்குப்பின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. எனினும் அவர் தம் கையால் அச்சிட்ட படங்கள் எஞ்சின. அவற்றிற் பல 1950-இல் நூலாக வெளிவந்தன. அவர் இல்லம் இருந்த இடத்தில் 1953-இல் அவர் பெயரால் கலையரங்கம் எழுந்தது.

நாஞ்சில் நாட்டு மாணவராகிய நாம் ஈண்டுக் கருதற்பாலது ஒன்றுண்டு. நம் ஊர்க் கொடை விழாக்களில் வில்லின் மணிகள் ஒலிக்க, குடமும் உடுக்கும் முழங்க, விடியுமளவும் பாடும் புலவரைப் பழகியதென்று நோக்காது செல்கின்றோம். கல்லூரிக் கல்வி நம் கண்ணை மூடுதற்கன்று. வென்ட் தாம் கற்ற கல்வியால் தம் அயலாரைக் காணக் கற்றார். நாமும் அங்ஙனம் காண்போமாக.