போரைப் பாடிய புலவர் பாரதியார்

பண்டைத் தமிழ்ப் புலவர் வேந்தரொடு பாசறையில் தங்கிப் போரைக் கண்டு பாடினர். களத்தைக் கண்ணாற் காணாமலே, தொலைநாட்டுப் போரின் அறத்தை அளந்து பாடியவர் சுப்பிரமணிய பாரதியார். அவர் வரலாற்றைச் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1882 டிசம்பர் 11-ஆம் நாள் எட்டயபுரத்திற் சின்னசாமி ஐயர்க்கும் இலக்குமி அம்மையார்க்கும் மகனாகத் தோன்றினார். ஐந்தாம் அகவையில் தாயையும், 1898-இல் தந்தையையும் இழந்தார். இளமையிலேயே பாரதி என்னும் பட்டம் எய்தினார். காசியிற் பயின்று மீண்டு, 1904-இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியிற் சில திங்கள் தமிழாசிரியராய் அமர்ந்தார். எம்மனைய ஆசிரியர்க்கு அஃதொரு பெருமையன்றோ! அவ்வாண்டே சென்னையிற் சுதேசமித்திரனிற் சேர்ந்தார். 1908-இல் 'இந்தியா' இதழின்மீது ஆங்கில அரசினர் சினங் கொள்ளவே, புதுச்சேரி புக்குப் பத்தாண்டு அங்கு உறைந்தார்.

1914 ஆகஸ்டுத் திங்களில் செர்மானியர் தம் படைக்கு வழிவிடுமாறு பெல்ஜியத்தைக் கேட்டனர். அச்சிறுநாடு மறுத்தது, மறுத்து அழிவுற்றது. செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு எம்டன் என்னும் செர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டெறிந்து கொளுத்தியது. எம்டன் என்னும் பெயர் நம்மவர் பேச்சில் இன்றும் வழங்குகின்றது.

பெல்ஜியமோ ஆங்கிலேயர்க்குத் துணைநாடு. ஆங்கிலேயரால் அலைக்கழிக்கப்பட்ட பாரதியார் அதன் வீழ்ச்சிக்கு மகிழ்ந்திருக்கலாம். அவர் அது செய்திலர். முறத்தாற் புலியைத் தாக்கிய குறப்பெண்ணுக்கு அதனை ஒப்பிட்டு, அறத்தின் பொருட்டு வீழ்ந்ததென வாழ்த்தினார். தமக்குத் தீங்கிழைத்தவரின் நண்பரிடத்தும் அறங் காண்பது அரிதினும் அரிது.

அவர் புனைகதையும் எழுதினார். 'சந்திரிகையின் கதை' முற்றுப்பெறாத நாவல். தாயை இழந்த சந்திரிகை என்னும் மகவும், அவளைப் பேணும் இளங் கைம்பெண் விசாலாட்சியுமே அதன் உயிர். ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரேசலிங்கம் பந்துலுவும் அதனுள் கதை மாந்தராய் வருகின்றனர். விசாலாட்சி மறுமணம் நாடுதல் பழியன்று, உரிமையே என்பது அதன் கருத்து. புறத்தே நிகழும் போரைப் பாடியவர், இல்லத்துள் ஓசையின்றி நிகழும் போரையும் எழுதினார் என்க.

எழுதியதோடு அமையவும் இல்லை. தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்த கனகலிங்கம் என்னும் இளைஞர்க்குப் புதுவையிற் பூணூல் அணிவித்தார். 1918 நவம்பரில் புதுவையை நீங்கியபோது சிறைப்பட்டு, மூன்று கிழமைக்கு மேல் கடலூர்ச் சிறையிலிருந்தார். 1920-இல் மீண்டும் சுதேசமித்திரனை அடைந்தார். 1921-இல் திருவல்லிக்கேணிக் கோயில் யானையால் தள்ளுண்டு பிழைத்தும், செப்டம்பரில் நோயுற்று, நாற்பது நிரம்புமுன் மறைந்தார்.

அன்பர்காள்! கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நம் பிள்ளைகள் பல குலத்தாரோடும் ஒரே பொறியின் முன் நின்று உழைக்கின்றனர். அங்கு ஒருங்கு உழைத்து, வீடு மீண்டபின் குலம் நோக்கி ஒருவரை ஒதுக்குதல் தகுமோ? மணப்பந்தலில் இளங் கைம்பெண்ணை ஓரத்தில் நிறுத்துதல் தகுமோ? சங்கம் கண்டது நம் மக்கள் கற்று உயர்தற்கே, பிறரைத் தாழ்த்துதற்கன்று. திருவள்ளூரில் பாரதியார் விழா எடுக்கும் நாம், இவ்விரண்டையும் நம் இல்லத்தினின்று நீக்கியபின் எடுப்போமாயின், அதுவே அப்புலவர்க்குச் சூட்டும் மாலையாகும்.