கொல்ல நினைத்த குரு

காஞ்சீபுரத்தில் இருந்து வேலூர் போகும் வழியில், பாலுசெட்டிசத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, திருப்புட்குழி. சின்ன ஊர்தான். ஆனால் பெரிய கதை உள்ள ஊர்.

புள் என்றால் பறவை. சீதைக்காகப் போராடி உயிர்விட்ட ஜடாயுவுக்கு ராமர் இங்கே ஈமக்கடன் செய்தார் என்பது நம்பிக்கை. அதனால்தான் ஊருக்கு இந்தப் பெயர். விஜயராகவப் பெருமாள் கோவில் 108 திருப்பதிகளில் ஒன்று.

இந்த ஊரில், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, யாதவப் பிரகாசர் என்ற பெரிய பண்டிதர் பாடம் நடத்தினார். அவரிடம் படிக்க வந்தார் ஒரு வாலிபர். 1017-ம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர். தந்தையை இழந்தவர்.

அவர்தான் ராமானுஜர்.

கண்ணீர்

ஒருநாள் குருவுக்கு ராமானுஜர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருந்தார். அப்போது ஒரு மாணவன், சாந்தோக்ய உபநிஷதத்தில் சந்தேகம் கேட்டான். இறைவனின் கண்களை வருணிக்கும் இடம் அது. அந்தக் கண்கள் குரங்கின் பின்புறம் போலச் சிவந்தவை என்று குரு பொருள் சொன்னார்.

ராமானுஜருக்கு மனம் தாங்கவில்லை. எதிர்த்துப் பேசவில்லை, அழுதுவிட்டார். சூடான கண்ணீர் குருவின் தொடையில் விழுந்தது. குரு திடுக்கிட்டுக் காரணம் கேட்டார். கேட்ட பிறகுதான் ராமானுஜர் வாயைத் திறந்தார். சூரியனைக் கண்டு மலர்ந்த தாமரை போன்ற கண்கள் என்று அதே வரிக்குப் பொருள் சொன்னார்.

குருவுக்கு ஆத்திரம் வந்தது. மாணவன் தன்னை மிஞ்சிவிடுவான் என்ற பயமும் வந்தது. பிறகும் இப்படிச் சில தடவை நடந்தது. பொறாமை முற்றி, அது கொலைத் திட்டமாக மாறியது என்று வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன.

காசிக்கு யாத்திரை! கங்கையில் குளிக்கும்போது ராமானுஜரை மூழ்கடித்துவிடவேண்டும். இதுதான் திட்டம்.

தம்பியின் எச்சரிக்கை

மாணவர்களில் கோவிந்தன் என்று ஒருவர். ராமானுஜரின் சித்தி மகன். கூட இருந்தவர்களின் போக்கைப் பார்த்துச் சதியைப் புரிந்துகொண்டார். ஆனால் கூச்சல் போடவில்லை. போட்டிருந்தால் இருவர் உயிருமே போயிருக்கும். விந்திய மலைக் காட்டில், தனியாக இருந்த சமயம் பார்த்து, அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லித் தப்பி ஓடச்செய்தார்.

நடுக்காட்டில் திகைத்து நின்ற ராமானுஜருக்கு, ஒரு வேடனும் அவன் மனைவியும் வழித்துணையாக வந்தார்கள். இரவில் வேடுவச்சிக்குத் தாகம். விடிந்ததும், பக்கத்தில் இருந்த கிணற்றில் ராமானுஜர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். திரும்பிப் பார்த்தால் இருவரையும் காணோம். எதிரே தெரிந்தது காஞ்சீபுரம் கோவில் விமானம்! வந்தவர்கள் வரதராஜப் பெருமாளும் தாயாருமே என்று பக்தர்கள் நம்புகிறார்கள். அன்று முதல் அந்தக் கிணற்றில் இருந்து பெருமாளுக்கு ராமானுஜர் தினமும் தண்ணீர் சுமந்தார்.

மறுபடியும் பாடம்

மாதங்கள் கழித்து யாதவப் பிரகாசர் காசியில் இருந்து திரும்பினார். செத்துவிட்டதாக நினைத்த சீடன் உயிரோடு நிற்கிறார்! குருவின் முகம் எப்படி இருந்திருக்கும்?

ராமானுஜர் குற்றம் சாட்டவில்லை. மறுபடியும் அவரிடமே படிக்கப் போனார். பழிவாங்கும் எண்ணம் இருந்தவர் அங்கே போய் உட்கார்ந்திருக்க முடியாது.

அதற்காக, தவறான பொருளுக்கு அவர் தலையாட்டவும் இல்லை. மன்னிப்பது வேறு, ஒப்புக்கொள்வது வேறு அல்லவா? மறுபடியும் கருத்து மோதல் வந்தது. இந்த முறை குருவே அவரைப் போகச் சொல்லிவிட்டார். ராமானுஜரும் போய்விட்டார்.

ஆண்டுகள் ஓடின. ராமானுஜர் காஞ்சீபுரத்தில் துறவியானார். யாதவப் பிரகாசருக்கு வயதாகிவிட்டது. மனதில் நிம்மதி இல்லை. ராமானுஜரிடம் போய்ச் சேரும்படி அவரைத் தூண்டியது யார் தெரியுமா? அவரைப் பெற்ற தாய்! மகனுக்கோ வெட்கம். கொல்லப் பார்த்தவனிடமே போய் எப்படி நிற்பது?

கடைசியில் போனார். பழைய சீடனை வலம் வந்து, வணங்கிச் சரண் அடைந்தார்.

ராமானுஜர் அவரை ஏற்றுக்கொண்டார். துறவும் கொடுத்து, கோவிந்த ஜீயர் என்று பெயர் சூட்டினார். காட்டில் உயிரைக் காப்பாற்றிய தம்பியின் பெயரும் கோவிந்தன்தான்.

துறவிகளுக்கு உரிய ஒழுக்கங்களைப் பற்றி ஒரு நூல் எழுதும்படி புதிய சீடரிடம் ராமானுஜர் சொன்னார். முதியவர் உட்கார்ந்து எழுதினார். எதிதர்ம சமுச்சயம் என்ற அந்த நூல் இன்றும் இருக்கிறது.