சிங்கை நாராயண பிள்ளை

மாற்றல் உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு இரயிலேறி இவ்வூர் வந்து சேர்ந்தவர்களே நம் காலனியில் பெரும்பாலோர். உத்தியோகம் நம்மை இங்கு அழைத்து வந்தது. ஓய்வு பெற்ற பின் சொந்த ஊருக்குத் திரும்புவதா, பிள்ளைகள் பிறந்து வளர்ந்த இவ்விடத்திலேயே இருந்துவிடுவதா என்பது மாலை வேளைகளில் நாம் ஓயாமல் பேசிக்கொள்ளும் பேச்சு. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே வினா ஒரு தமிழர் முன் வந்து நின்றது. ஆனால் அவருக்கு ஓய்வூதியம் இல்லை. யோசிக்க ஆண்டுக்கணக்கில் அவகாசமும் இல்லை. பாதி காடாகக் கிடந்த ஒரு தீவில் வந்திறங்கிய சிறிது காலத்துக்குள் அவரை அழைத்து வந்த உத்தியோகம் கைவிட்டுப் போயிற்று. திரும்பிப் போகக் கப்பலும் இருந்தது. போய்ச் சேர ஊரும் இருந்தது. அவர் போகவில்லை. அவர்தாம் சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றின் முதல் ஏட்டில் இடம்பெறும் நாராயண பிள்ளை.

பிள்ளை நேரே தமிழகத்திலிருந்து சிங்கப்பூர் சென்றவர் அல்லர். பினாங்கிலே கும்பினியார் அலுவலகத்தில் ஊழியம் பார்த்தவர். பினாங்கும் ஒரு தீவுதான். 1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் என்பார் அங்கு ஆங்கிலக் கொடியை ஏற்றிய பின், சோழமண்டலக் கரையிலிருந்து வணிகரும் தொழிலாளரும் கூட்டங் கூட்டமாக அங்குச் சென்று குடியேறினர். ஆகவே பினாங்குத் தமிழருக்கு அது ஏறக்குறைய இன்னொரு நாகப்பட்டினம் போலவே ஆகிவிட்டிருந்தது. கடைத்தெருவில் தமிழ் கேட்கும். உறவும் நட்பும் உண்டு. மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு. அத்தகைய இடத்தை விட்டு ஒருவர் மேலும் தெற்கே, அப்போதுதான் முளைத்திருந்த ஒரு குடியிருப்பை நோக்கிக் கப்பலேறுவது எளிய காரியம் அன்று.

ராபிள்ஸ் துரை 1819 ஜனவரி இறுதியில் சிங்கப்பூர்க் கரையில் இறங்கினார். பிப்ரவரி 6ஆம் தேதி சுல்தான் ஹுசேன் ஷாவோடும் தெமெங்கோங் அப்துல் ரகுமானோடும் உடன்படிக்கை செய்து, கும்பினியின் வாணிகத் தளம் ஒன்றை அமைக்க இசைவு பெற்றார். பர்க்குவார் என்ற படை அதிகாரியை ரெசிடெண்டாக அமர்த்திவிட்டு உடனே புறப்பட்டும் விட்டார். அதே ஆண்டு மே மாத முடிவில் இரண்டாம் முறை அவர் வந்தபோது, அவர் வந்த இந்தியானா என்னும் கப்பலில் உடன் வந்தவர் நம் பிள்ளை.

அன்றைய சிங்கப்பூரை இன்றைய சிங்கப்பூரைக் கொண்டு எண்ணிப் பார்க்கலாகாது. ஆற்று முகத்துவாரத்தில் சில குடிசைகள், இராணுவத்தாரின் கூடாரங்கள், கரையோரம் சதுப்பு, அதற்கப்பால் அடர்ந்த காடு. நிலநடுக்கோட்டுக்குச் சற்றே வடக்கில் இருப்பதால் அங்குக் கோடை என்றும் மாரி என்றும் தனித்தனிப் பருவம் கிடையாது. ஆண்டு முழுதும் வெயிலும் உண்டு, மழையும் உண்டு. குடியிருப்புகள் மரக்கால் நட்டு, அத்தாப்பு என்று மலாய்க்காரர் சொல்லும் ஓலையால் வேய்ந்தவை. 1821இல்கூட, பட்டாளத்தையும் அதனைச் சார்ந்தோரையும் விலக்கிப் பார்த்தால், இந்தியர் 132 பேரே அங்கிருந்தனர். நம் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு அதனினும் மிகுதியான கூட்டம் வரும்!

பிள்ளைக்குக் கிடைத்த முதல் வேலை கருவூலத்தில். வந்து சேரும் நாணயங்களைச் சோதித்து, நல்லது இது, கள்ளது இது என்று பிரித்துத் தரும் பணி. பழந்தமிழில் வண்ணக்கர் என்று பெயர் பெற்ற தொழில் இதுவே. பல நாட்டு வணிகர் கூடும் துறைமுகத்தில் ஸ்பானிய வெள்ளி டாலரும் இன்னும் பலவகைக் காசுகளும் ஒருசேரப் புழங்கும். கூரிய கண்ணும் நேர்மையும் இல்லாதவரிடம் அவ்வேலையை ஒப்படைக்க இயலாது. ஆயினும் அது நிலைக்கவில்லை. அப்பணிக்கென்றே மலாக்காவிலிருந்து ஏற்பாடு செய்யப்பட்டிருந்த வேறொருவர் வந்து சேர்ந்தார். பிள்ளை விலக நேர்ந்தது. அவர் மீது குற்றம் ஒன்றும் இல்லை. ஓரிடத்துக்கு இருவரை நியமித்துவிட்டு ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று எவரும் எண்ண வேண்டாம்.

இங்கேதான் பிள்ளையின் வாழ்வு திரும்புகிறது. பினாங்குக்கு மீண்டால் தெரிந்த முகங்கள் இருந்தன. ஆனால் கருவூலத்தில் காசு எண்ணிய அந்தச் சில நாள்களிலேயே அவர் வேறொன்றையும் கணக்கிட்டிருக்க வேண்டும். கப்பல்கள் வந்த வண்ணம் இருந்தன; சுங்கம் இல்லாத் துறைமுகம் ஆதலால் நாள்தோறும் ஆள்கள் வந்து இறங்கினர்; இறங்கியவர் அனைவருக்கும் வீடும் கிடங்கும் வேண்டும். ஓலைக் குடிசையில் வாணிகச் சரக்கை எத்தனை காலம் வைத்திருக்க முடியும்? ஊருக்குச் செங்கல் தேவை. செங்கல் செய்வார் அங்கு எவரும் இலர்.

தஞ்சோங் பகார்ப் பக்கத்தில் பிள்ளை சூளை ஒன்றை அமைத்தார். சிங்கப்பூரின் முதல் செங்கல் சூளை அதுவே என்பர். பினாங்கிலிருந்த தம் நண்பர்களுக்குச் சொல்லியனுப்பி, கொத்தர், தச்சர், துணி வணிகர் ஆகியோரை அத்தீவுக்கு வரவழைத்தார். சூளை வைத்துப் பார்த்தவர்களுக்கு அத்தொழிலின் தொல்லை தெரியும். மண்ணை மிதித்துப் பதப்படுத்தி, அச்சில் அறுத்து, பச்சைக் கல்லை வெயிலில் காயவைத்து, பிறகே சூளையில் அடுக்கித் தீ மூட்ட வேண்டும். காயும் நாளில் ஒரு பெருமழை பெய்தால் அத்தனை உழைப்பும் மீண்டும் சேறாகும். மழைக்கு நாள் நட்சத்திரம் பாராத அத்தீவில், எழுதுகோல் பிடித்துப் பழகிய ஒருவர் இத்தொழிலில் இறங்கினார். கட்டிடம் எடுப்பித்துத் தருவதையும் மேற்கொண்டார். இந்தியருள் அங்கு முதற் கட்டிட ஒப்பந்தக்காரர் என்ற பெயரும் அவரைச் சேர்ந்தது.

சூளையோடு அவர் நின்றுவிடவில்லை. கிராஸ் தெருவில் பருத்தித் துணிக்கடை ஒன்று திறந்தார். ஆங்கில வணிகரிடம் கடனுக்குச் சரக்கெடுத்து, விற்று, தவணையில் தீர்க்கும் வாணிகம் அது. கடை செழித்தது. ஊரிலேயே பெரிதும் பேர்பெற்றதுமான கடை அதுதான் என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்தது. அத்தீவுக்கு வந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன.

1822ஆம் ஆண்டு அக்கடையைத் தீ கொண்டுபோயிற்று. மரமும் ஓலையுமாக நெருங்கி எழுந்திருந்த அந்நாளையக் கடைவீதிகளில் தீப்பற்றினால் நிறுத்துவது அரிது. துணிமூட்டைகளோ தீக்கு விருந்து. செங்கல் சுட்டு ஊருக்கு விற்ற மனிதரின் சொந்தக் கடை சாம்பலானதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. சரக்கு போயிற்று, சரக்கின் மேல் வாங்கிய கடன் போகவில்லை. கடன் கொடுத்தோர் வந்து நின்றனர். இரவோடிரவாகக் கப்பலேறி மறைந்தோர் கதைகள் துறைமுகப் பட்டினங்களில் ஏராளம். பிள்ளை இரண்டாம் முறையும் போகவில்லை.

அவ்வாண்டு அக்டோபரில் ராபிள்ஸ் துரை மூன்றாம் முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தார். பிள்ளை அவரிடம் தம் நிலையை எடுத்துரைத்து உதவி வேண்டினார். அதன் பயனாக, புதிதாக உருவாகிக்கொண்டிருந்த வாணிகச் சதுக்கத்தில் அவருக்கு நிலம் கிடைத்தது. ஆற்றின் தென்கரைச் சதுப்பைத் தூர்க்க ஒரு சிறு குன்றை வெட்டிச் சரித்ததில் பிறந்த இடம் அச்சதுக்கம். பிற்காலத்தில் ராபிள்ஸ் பிளேஸ் எனப் பெயர் பெற்று, வங்கிகளும் வானளாவிய மாளிகைகளும் நிறைந்த பேட்டையாயிற்று. அங்கே பிள்ளை மறுபடியும் கடை எடுத்தார், நாளடைவில் நிமிர்ந்தார்.

இதனைத் துரையின் கருணை என்று மட்டும் எழுதிச் செல்வாரும் உளர். எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. வெட்டவெளி நிலம் எவ்வளவு இருந்தாலும், அதன்மேல் கடை எழுப்பிச் சரக்கு நிரப்பத் துணியும் ஆள் இல்லையேல் துறைமுகம் ஏது? முந்தைய மூன்றாண்டுகளில் பிள்ளை ஈட்டிய நன்மதிப்பே அந்நிலத்துக்கு அவர் கொடுத்த விலை. சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோர்க்குத் தலைவராக அவரை ஏற்று, அவர்களுக்குள் நேரும் வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரத்தையும் அளித்தமை இதனை விளக்கும். மக்கள் நம்பாத ஒருவரிடம் வழக்குத் தீர்க்கும் பொறுப்பை எந்த ஆட்சியும் கொடாது.

இனி அவர் கட்டிய கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு இடம் தேடிய கதையே ஒரு தனிக் கதை. முதலில் கும்பினியார் ஒதுக்கியது தெலோக் ஆயர்த் தெருவின் அருகே. ஆயர் என்றால் மலாய் மொழியில் நீர் என்று பொருள். பெயரில் நீர் இருந்ததே அன்றி, வழிபாட்டுக்கு வேண்டிய நன்னீர் அவ்விடத்தில் இல்லை. தூய நீரின்றி அபிடேகம் ஏது? ஆதலின் அது கைவிடப்பட்டது. 1821இல் ரெசிடெண்டு பர்க்குவார், ஸ்டாம்போர்டு கால்வாயின் பக்கத்தில் வேறோரிடத்தைக் காட்டினார். அதற்குள் ராபிள்ஸ் திரும்பி வந்து, இன்ன சமூகத்தார் இன்ன பகுதியில் குடியிருக்க வேண்டும் என்று நகருக்கு ஒரு புதுத் திட்டம் வகுக்கச் செய்தார். 1822ஆம் ஆண்டுத் திட்டத்தில் அக்கால்வாய்ப் பக்கம் கோயிலுக்குப் பொருந்தாமற் போயிற்று. மூன்றாவதாக, 1823இல், சவுத் பிரிட்ஜ் சாலையில் ஓரிடம் கிடைத்தது. மனுக் கொடுத்து, காத்திருந்து, கிடைத்ததை இழந்து, மீண்டும் மனுக் கொடுத்த காலத்தில்தான் அவர் கடை எரிந்ததும், கடன்காரர்க்கு விடை சொன்னதும், மறுகடை வைத்ததும் நடந்தன என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இடம் கிடைத்தும் நான்கு ஆண்டுகள் சென்றன. 1827இல் கோயில் எழுந்தது. மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன எளிய கோயில். ஊருக்கே செங்கல் சுட்டவர் தெய்வத்துக்கு ஓலைக்கூரைதான் வேய்ந்தார். இருப்பதைக் கொண்டு உடனே தொடங்க வேண்டும், வருவோர் பின்னர்ப் பெருக்கிக் கட்டுவர் என்று கருதினார் போலும். சின்ன அம்மன் எனப்பெறும் சிறிய மாரியம்மன் திருவுருவத்தை அங்கே எழுந்தருளச் செய்தார். அம்மையும் வாந்திபேதியும் கப்பலோடு கப்பலாக வந்திறங்கிய அக்காலத்தில், நோய் தீர்க்கும் அன்னையை அயல் தீவில் குடியேற்ற அவர் விரும்பியது இயல்பே.

அதே சாலையில், ஓராண்டு முன்னர், 1826இல், சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் ஜாமியா பள்ளிவாசலை நிறுவியிருந்தனர். இரண்டும் அருகருகே நிற்கின்றன. சுற்றிலும் சீனர் வாழும் பேட்டை. அங்குள்ள பகோடா தெருவும் டெம்பிள் தெருவும் பெயர் பெற்றது இம்மாரியம்மன் கோயிலால். மாஸ்க் தெரு பெயர் பெற்றது அப்பள்ளிவாசலால்.

ஊரும் வேகமாக வளர்ந்தது. 1824இல் எடுத்த முதல் குடிக்கணக்கில் 10,683 பேர். அவருள் இந்தியர் 756. அவர்களில் பலர் தனியாக வந்த ஆடவர். கப்பலிலிருந்து மூட்டையோடு இறங்கியவனுக்கு அவ்வூரில் எவரைத் தெரியும்? அவன் கோயிலுக்குப் போவான். வேலை கிடைக்கும்வரை, தங்க ஓரிடம் கிடைக்கும்வரை, கோயில் அவனுக்குப் புகலிடம் ஆயிற்று. பிற்காலத்தில் இந்துக்களின் திருமணத்தைப் பதிவு செய்யும் இடமாகவும் அக்கோயில் விளங்கியது. இத்தனையும் மரக்கால் நட்டு ஓலை வேய்ந்த அத்தொடக்கத்திலிருந்து கிளைத்தவை.

பிள்ளை எதிர்பார்த்தது போன்றே பின்வந்தோர் கோயிலை வளர்த்தனர். 1831இல் சேஷாசலம் பிள்ளை என்பார் அடுத்திருந்த நிலத்தை அளித்தார். செங்கற் கட்டிடத்தின் மிகப் பழைய பகுதி 1843ஆம் ஆண்டைச் சார்ந்தது என்பர். 1840 முதல் அங்குத் தீமிதித் திருவிழா நடந்து வருகிறது. சாலையை நோக்கிய முதல் கோபுரம் 1903இல் எழுந்தது. 1973இல் சிங்கப்பூர் அரசு அக்கோயிலைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது.

கும்பினிக் கொடி ஏறி 200 ஆண்டுகள் ஆனதை ஒட்டி, 2019 ஜனவரியில், சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராபிள்ஸ் துரையின் சிலைக்கு அருகே வேறு நான்கு சிலைகளை நிறுத்தினர். சங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, டான் தொக் செங் ஆகிய மூவரோடு நான்காமவராக நின்றவர் நாராயண பிள்ளை. இந்தியானா கப்பலில் துரையோடு வந்து, காசு எண்ணும் வேலையை இழந்து, அதே ஆற்றங்கரையில் என்ன செய்வது என்று அவர் நின்றிருந்த இடம் அங்கிருந்து வெகுதூரம் இராது.