தொண்டையில் சிக்கிய 2,374 பொருட்கள்: யார் இந்த செவாலியர் ஜாக்சன்?

குழந்தை காசை விழுங்கிட்டா இன்னைக்கு எக்ஸ்ரே இருக்கு, எண்டோஸ்கோபி இருக்கு. 19-ம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்த வசதிகள் கிடையாது. பொருள் மூச்சுக்குழாயில் மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் உயிருக்கே ஆபத்துதான். அந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க டாக்டர் செவாலியர் ஜாக்சன்.

யார் இவர்?

1865-ல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். பிலடெல்ஃபியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் 1886-ல் பட்டம் பெற்றார். தொண்டைக்குள் செலுத்தும் மெல்லிய குழாயின் நுனியிலேயே குட்டி பல்பைப் பொருத்தினார். உள்ளே சிக்கிய பொருளைக் கண்ணால் பார்த்து, இடுக்கியால் எடுக்க முடிந்தது. கழுத்தையோ நெஞ்சையோ கிழிக்க வேண்டியதில்லை.

திறந்து கிடக்கும் சேஃப்டி பின்னை அப்படியே இழுத்தால் குழாய் கிழிந்துவிடும். அதனால் உள்ளேயே பின்னை மூடிவிட்டு எடுக்கத் தனிக் கருவி செய்தார். கஷ்டமான கேஸ் என்றால், அதே மாதிரி பொருளை வைத்து முதலில் ஒத்திகை பார்ப்பார்.

2,374 பொருட்கள் எங்கே?

பிலடெல்ஃபியாவின் மட்டர் மியூசியத்தில். பட்டன், ஆணி, காசு, பொம்மை என எடுத்த ஒவ்வொன்றையும் குறிப்போடு சேர்த்து வைத்தார். அடுத்து வரும் டாக்டர்களுக்கு அதுதான் பாடம்.

சட்டத்துக்காக ஏன் போராடினார்?

அப்போது அமெரிக்க வீடுகளில் சுத்தம் செய்ய 'லை' எனும் காஸ்டிக் காரம் இருக்கும். பார்க்க சர்க்கரை மாதிரி. வாயில் போட்ட குழந்தைகளின் உணவுக்குழாய் வெந்து சுருங்கி, தண்ணீர்கூட இறங்காது. குழாயை விரிக்க மாதக்கணக்கில் சிகிச்சை தேவைப்படும். எடுப்பதைவிடத் தடுப்பது மேல் என்று புரிந்துகொண்ட ஜாக்சன், டப்பாவில் விஷ எச்சரிக்கை வேண்டும் என்று பல ஆண்டுகள் வலியுறுத்தினார். 1927-ல் அதற்கான சட்டம் வந்தது. 1958-ல் அவர் காலமானார்.

இன்னைக்கும் ஏன் முக்கியம்?

ரிமோட், பொம்மைகளில் உள்ள பட்டன் பேட்டரிதான் காரணம். அது உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து அதே காரம் உருவாகும். 2 மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீங்க. வாழைப்பழம், சோற்று உருண்டை கொடுத்து உள்ளே தள்ளவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. அதே மாதிரி பேட்டரி இன்னொன்று வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துப் போங்க. உள்ளே இருப்பது என்ன அளவு என்று டாக்டருக்குச் சட்டென்று தெரியும்.